ஐ.சி.யு.வில் ஏ.சி. ஓடுகிறது, காற்று மாறுகிறதா?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஐம்பது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புப் பொறுப்பைப் பார்க்கும் நர்ஸ் நான். எங்களுக்கு ஒரே ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்); அதற்குக் காற்றை வடிகட்டிக் குளிரவைத்து அனுப்பும் ஏ.எச்.யு. மொட்டை மாடியில் இருக்கிறது. எட்டுப் படுக்கை ஐ.சி.யு.வில் நான்கு ஸ்ப்ளிட் ஏ.சி. போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஆபரேஷன் காயங்களில் சீழ் பிடிப்பது கூடியிருக்கிறது. காலையில் ஓ.டி. கதவைத் திறந்தால் ஈர வாடை அடிக்கிறது. வாரம் ஒருமுறை ஃபார்மலின் புகை போடுகிறோம், கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் ப்ளேட்டும் வைக்கிறோம். ஒரு வாரம் வளர்கிறது, மறுவாரம் ஒன்றுமில்லை. இப்போது ஒரு கம்பெனிக்காரர் வந்து, அயனி வெளியிடும் கருவியை அறைக்கு ஒன்று மாட்டினால் கிருமியே இருக்காது என்கிறார். நிர்வாகமும் வாங்கும் முடிவில் இருக்கிறது. வாங்கலாமா சார்? குறைந்த செலவில் வேறு வழி உண்டா? பொது வார்டில் அவ்வப்போது டி.பி. நோயாளிகளும் வருகிறார்கள், அங்கே என்ன செய்வது? கரண்ட் பில் அதிகம் என்று இரவில் ஓ.டி. ஏ.சி.யை நிறுத்திவிடுகிறார்கள், அது சரியா?

பதில்: வணக்கம் சிஸ்டர். கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செக்கில் கையெழுத்து விழுந்த பிறகு மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

இப்போது வாங்க வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரர் 99.9 சதவீதம் என்று ஒரு காகிதம் காட்டியிருப்பார். அந்தச் சோதனையை எவ்வளவு பெரிய இடத்தில் செய்தார்கள், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆள் நடமாட்டமில்லாத, மூடிய ஒரு சின்னப் பெட்டிக்குள் செய்ததாக இருக்கும். உங்கள் ஐ.சி.யு.வில் எட்டு நோயாளிகள் இருமுகிறார்கள், கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. இந்த வகைக் கருவிகளில் சில ஓசோனையும் வெளியே விடும், அது நுரையீரலுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், மாடியில் இருக்கும் ஏ.எச்.யு.வுக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் அதை எந்த அயனியும் வற்ற வைக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தால் பிரச்சினை அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். நான் ஏ.சி. வேலை பார்க்கிற பொறியாளன், எனக்குக் காற்றுதான் பிழைப்பு. அப்படியும் சொல்கிறேன், காயத்தில் சீழ் பிடித்தால் முதல் சந்தேகம் காற்றின் மேல் விழக்கூடாது. மருத்துவமனையில் தொற்றும் கிருமிகளில் பெரும்பங்கு கை வழியாகவும் கேதீட்டர், ஊசி, குழாய் வழியாகவும்தான் போகிறது. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று வந்துவிடுகிறது. பணக்கார நாடுகளில் அது 7. இந்த வித்தியாசம் முழுவதும் ஏ.சி.யால் வந்ததல்ல. கை கழுவுவது, ஆட்டோகிளேவ் சரியாக ஓடுவது, ஆன்டிபயாட்டிக்கை வெட்டு போடுவதற்கு முன் உரிய நேரத்தில் கொடுப்பது, பிளேடால் மழிக்காமல் கிளிப்பர் பயன்படுத்துவது எல்லாம் இதில் சேரும். இவற்றை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

கேட்க வேண்டியது இதுதான்: அந்தக் காயங்களில் வளர்ந்த கிருமி எது? சீழை கல்ச்சருக்கு அனுப்பியிருந்தால் ரிப்போர்ட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் தோல், கை, மூக்கு. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் என்று வந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது, சிங்க்கையும் தண்ணீரையும் ஏ.எச்.யு.வையும் பார்க்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வந்தால் நேராக ஃபில்டருக்குப் போங்கள். லேப்ராஸ்கோப்பி துளைகளில் மட்டும், அதுவும் தையல் பிரித்துப் பல வாரம் கழித்து, கட்டிகட்டியாக ஆறாத புண் வந்தால் காற்றை விட்டுவிடுங்கள். கருவிகளை மருந்தில் ஊறவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்களா என்று பாருங்கள். டி.பி. கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் அந்தத் தண்ணீரில் வரும், நம் நாட்டில் இது அடிக்கடி நடப்பது.

சரி, உங்கள் விஷயத்தில் மழைக்காலம், ஈர வாடை, ப்ளேட்டில் விட்டுவிட்டு வளர்ச்சி என்று மூன்றும் சேர்ந்து வருவதால் மாடிக்கு ஏறிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏ.சி. மெக்கானிக் வரும் நாளில் நீங்களும் கூடவே ஏறுங்கள். ஒரு டார்ச் லைட், ஒரு வெள்ளைத் துணி போதும். யூனிட்டை நிறுத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

முதலில் தெரிவது ப்ரீ ஃபில்டர். அழுக்காக இருப்பது தவறல்ல, அழுக்கைப் பிடிக்கத்தானே அது இருக்கிறது. ஈரமாக இருந்தால்தான் தவறு. பல இடங்களில் அதைக் கழுவிச் சொட்டச் சொட்ட அப்படியே மாட்டிவிடுவார்கள். ஈரமும் தூசியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும், அதற்காக இன்னொரு செட் வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. அப்புறம் ஃபில்டர் சட்டத்தின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே கறுப்புக் கறுப்பாகக் கோடு தெரிந்தால், காற்று ஃபில்டர் வழியாகப் போகாமல் இடுக்கு வழியாகப் போகிறது என்று அர்த்தம். ரப்பர் கேஸ்கெட் செத்துப்போயிருக்கும். எவ்வளவு உயர்ந்த ஃபில்டர் போட்டாலும் அந்த இடுக்கு இருக்கும்வரை பணம் வீண்.

அடுத்து காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருளான கூலிங் காயில், அதன் அடியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் டிரெயின் ட்ரே. இங்கேதான் வெள்ளைத் துணி வேண்டும். ட்ரேயைத் துடைத்துப் பாருங்கள். வழவழவென்று ஏதாவது ஒட்டினால் அது கிருமிகள் கட்டிய படலம். ட்ரே ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் முழுவதும் வடிய வேண்டும். தண்ணீர் நின்றால் அந்த ட்ரே தவறாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது வடிகுழாய் பாசி அடைத்திருக்கிறது.

அந்த வடிகுழாயைக் கொஞ்சம் தொடர்ந்து போய்ப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலான மெக்கானிக்குகள் பார்க்காத இடம் அது. பெரும்பாலான ஏ.எச்.யு.க்களில் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருக்கும். அதாவது காயில் இருக்கும் அறையில் எப்போதும் உள்ளே உறிஞ்சும் அழுத்தம். வடிகுழாயில் சிங்க் அடியில் இருப்பதுபோல ஒரு வளைவு இருந்து, அதில் தண்ணீர் நின்றால்தான் அந்த உறிஞ்சலைத் தடுக்கும். வளைவே இல்லாமல் குழாயை நேரே சாக்கடையில் விட்டிருந்தாலோ, பல நாள் ஓடாமல் வளைவில் இருந்த தண்ணீர் வற்றிப்போயிருந்தாலோ, ப்ளோயர் போட்டவுடன் ஏ.எச்.யு. சாக்கடைக் காற்றை இழுக்கும். காலையில் ஓ.டி.யில் அடிக்கும் வாடைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சரிசெய்ய பிளம்பருக்குப் பாதி நாள் வேலை. குழாய் முனை சாக்கடைக்குள் அமிழ்ந்திருக்கக் கூடாது, மேலே இடைவெளி விட்டு விழ வேண்டும்.

வெளிக்காற்று எடுக்கும் லூவர் (சரிவுத் தகடு வைத்த திறப்பு) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய், கழிவறை எக்ஸாஸ்ட், மருத்துவக் கழிவு வைக்கும் மூலை, இவற்றிலிருந்து 25 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். புறா உட்காராதபடி வலை வேண்டும். மழைச் சாரல் உள்ளே வராதபடி தகர முகப்பு வேண்டும். ஐப்பசியில் காற்றோடு அடிக்கும் மழை அந்த லூவர் வழியாக நேராக ஃபில்டரை நனைத்திருந்தால், உங்கள் கதை பாதி புரிந்துவிடும். கதவு கேஸ்கெட் வழியாகவும் மழைத்தண்ணீர் இறங்கும். காற்று போகும் தகரக் குழாயான டக்ட்டின் உள்பக்கம் சத்தம் குறைக்கப் பஞ்சு ஒட்டியிருந்து அது நனைந்திருந்தால், சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். நனைந்த பஞ்சைப் பிய்த்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பெரிய மருத்துவமனைகளே இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 2001 முதல் 14 குழந்தைகளுக்கு ஓ.டி.யிலிருந்து ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றியது, அதில் 6 பேர் இறந்தார்கள் என்று 2019 நவம்பரில் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. பல வருடங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சம்பவம் என்றே பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஏ.எச்.யு.க்கள் பக்கம்தான் விரல் நீண்டது. ஓ.டி.களை மூடி, ஒவ்வொன்றுக்கும் ஹெப்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர் மாட்ட வேண்டியதாயிற்று. காசு இல்லாத மருத்துவமனை அல்ல அது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 1985இல் லெஜியனெல்லா கிருமி, பெரிய ஏ.சி.களின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவரின் தண்ணீரில் வளர்ந்து ஏ.சி. வழியாக உள்ளே போனதில் 28 பேர் இறந்தார்கள். உங்களிடம் கூலிங் டவர் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் தனியாக எழுதுங்கள், அது வேறு கதை.

ஹெப்பா ஃபில்டரைப் பற்றி. அது ஓ.டி. கூரையில் காற்று வெளியே வரும் இடத்தில் இருக்க வேண்டும். அதைக் கழுவக் கூடாது, கம்ப்ரஸ்ஸர் காற்றால் ஊதவும் கூடாது. ஊதிச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்குகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊதினால் இழை கிழியும், கண்ணுக்குத் தெரியாது. மாற்றிய ஒவ்வொரு முறையும், அதோடு வருடத்துக்கு ஒருமுறையாவது, ஓட்டை இருக்கிறதா என்று புகை விட்டுச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். எப்போது மாற்றுவது என்பதைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் வட்ட கேஜ் ஒன்று யூனிட்டில் இருக்கும். முள் எப்போது பார்த்தாலும் பூஜ்யத்தில் இருந்தால் ஃபில்டர் புதிதாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம், ட்யூப் கழன்றிருக்கும்.

அடுத்தது ஓ.டி.க்குள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் வழிகாட்டுதல்படி ஓ.டி.யில் மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 வெளிக்காற்றாக இருக்க வேண்டும். வெளியே உள்ள வராண்டாவைவிட ஓ.டி.க்குள் அழுத்தம் 2.5 பாஸ்கலாவது கூடுதலாக இருக்க வேண்டும். வெப்பம் 21 டிகிரி, அதில் 3 கூடலாம் குறையலாம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்று மாறும் எண்ணிக்கையை அளக்கக் கருவியோடு ஆள் வர வேண்டும். அழுத்தத்தை நீங்களே பார்க்கலாம். கதவை மூடி, அடி இடுக்கில் டிஷ்யூ காகிதத்தைப் பிடியுங்கள். அது வெளிப்பக்கம் பறந்தால் சரி. அசையாமல் நின்றாலோ உள்ளே இழுபட்டாலோ வராண்டாவின் தூசி உங்கள் டேபிளை நோக்கி வருகிறது. சர்ஜரி நடக்கும்போது யார் யார் எத்தனை முறை கதவைத் திறக்கிறார்கள் என்று ஒரு நாள் மட்டும் ஓரமாக நின்று கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். நூல் எடுக்க, போன் பேச, எட்டிப் பார்க்க என்று ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த 2.5 பாஸ்கல் காணாமல் போகிறது. எந்த இயந்திரமும் வாங்காமல் ஓ.டி. காற்றை மேம்படுத்த முக்கியமான வழி கதவு திறப்பதைக் குறைப்பதுதான், செய்யக் கஷ்டமானதும் இதுதான். திறப்பவர்களில் முக்கியமானவர் சர்ஜனாக இருப்பார்.

இன்னொன்று, டாக்டர்கள் 17 டிகிரி கேட்பார்கள். அத்தனை குளிரில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், ஐப்பசி மாதத்துக் காற்றின் ஈரம் கூரை க்ரில்லில் வேர்த்துச் சொட்டும். அந்தச் சொட்டு எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நல்ல ஈரப்பத மீட்டரைச் சுவரில் மாட்டி, தினமும் காலையில் குறித்து வையுங்கள்.

யாராவது இந்தச் சாக்கில், சுத்தக் காற்றை டேபிள் மேல் ஒரே சீராக இறக்கும் லேமினார் ஃப்ளோ கூரை போடச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஜான் சார்ன்லி என்ற இங்கிலாந்து சர்ஜன் 1960களில் இடுப்பு மூட்டு மாற்றுக்காகச் சுத்தக் காற்றுக் கூண்டு கட்டியதில் தொடங்கிய வழி அது. 1982இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மிகச் சுத்தமான காற்றில் செய்த மூட்டு ஆபரேஷன்களில் ஆழமான தொற்று 1.5 சதவீதத்திலிருந்து 0.6 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய கணக்குகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2016இல் உலக சுகாதார அமைப்பு, மூட்டு மாற்றில்கூடத் தொற்றைக் குறைப்பதற்கென்று லேமினார் தேவையில்லை என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. சிசேரியனும் ஹெர்னியாவும் அப்பென்டிக்ஸும் செய்யும் ஓ.டி.க்கு, ஒழுங்காக ஓடும் சாதாரண ஏ.எச்.யு.வும் ஹெப்பாவும் போதும்.

ஃபார்மலின் புகையை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. இதை உங்கள் தொற்றுத் தடுப்புக் கமிட்டியில் வைத்துப் பேசுங்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. சனிக்கிழமை இரவு புகை போட்டு, ஞாயிறு சுத்தமாக இருந்து, திங்கள் காலை ப்ளோயரைப் போட்டவுடன் அதே ஈர ட்ரேயிலிருந்து அதே காற்று வந்தால் என்ன பயன்? தரையையும் டேபிளையும் விளக்கையும் கிருமிநாசினி போட்டு ஈரத்துணியால் துடைப்பதுதான் வேலை செய்கிறது. உங்கள் ப்ளேட் ஒரு வாரம் வளர்ந்து மறுவாரம் வளராமல் இருப்பதிலும் ஆச்சரியமில்லை. அரைமணி நேரம் திறந்து வைத்த ப்ளேட்டில் எது வந்து விழுகிறது என்பது, அந்த நேரத்தில் யார் நடந்தார்கள், ப்ளோயர் ஓடியதா என்பதைப் பொறுத்தது. வாராவாரம் ப்ளேட் வைப்பதற்குச் செலவாகும் பணத்தை, வருடத்துக்கு ஒருமுறை காற்றோட்ட அளவும் ஹெப்பா சோதனையும் செய்யக் கொடுக்கலாம். ஏ.எச்.யு.வைப் பிரித்து வேலை செய்த பிறகோ, தொற்று கூடும்போதோ ப்ளேட் வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

ஐ.சி.யு.வுக்கு வருவோம். நான்கு ஸ்ப்ளிட் ஏ.சி. ஓடுகிறது என்றீர்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே கொண்டு வராது. அறையில் இருப்பதையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. கொசுவுக்காக ஜன்னலையும் அடைத்திருந்தால், எட்டு நோயாளிகளும் நர்ஸுகளும் விட்ட மூச்சையே எல்லாரும் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கிறீர்கள். இதை நிர்வாகத்துக்குப் புரிய வைக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் கையடக்கமான கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைக்கும். வெளியே மொட்டை மாடியில் வைத்தால் 420 (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) சுமாராகக் காட்டும். அதையே ஐ.சி.யு. நடுவே, விசிட்டர் நேரத்தில், நிர்வாக மேனேஜரின் கண் முன்னால் வையுங்கள். 800க்குள் இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். அடைத்த அறைகளில் 2000ஐத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த எண் கிருமியை அளக்கவில்லை, மற்றவர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அளக்கிறது. விவாதம் செய்வதைவிட மீட்டரைக் காட்டுவது சீக்கிரம் வேலை செய்யும்.

ஐ.சி.யு.வில் மணிக்கு மொத்தம் 6 முறை காற்று மாற வேண்டும், அதில் 2 வெளிக்காற்று என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கத்தின் தரம். உங்கள் அறை 30 அடி நீளம், 20 அடி அகலம், 9 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 5,400 கன அடி. மணிக்கு இரண்டு முறை என்றால் 10,800, அதை 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 180 கன அடி, அதாவது 180 சி.எஃப்.எம். ஃபில்டர் வைத்த ஒரு சிறிய ஃப்ரெஷ் ஏர் யூனிட்டுக்கு இது பெரிய வேலையே அல்ல. கம்பெனிக்காரர் அறைக்கு ஒன்றாகக் கேட்ட தொகையில் இது முடிந்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. செலவு குறைவு என்று வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஐ.சி.யு. சுவரில் மாட்டிவிடாதீர்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக ஏதாவது ஒரு வழியில் உள்ளே வந்தாக வேண்டும், அது பக்கத்துக் கழிவறை வழியாகவோ வராண்டா வழியாகவோ வரும். ஸ்ப்ளிட் ஏ.சி.களை உடனே கழற்ற வேண்டியதில்லை, குளிர் அவை கொடுக்கட்டும். ஆனால் மேலே உள்ள வலை ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டுப் போகும் சர்வீஸ் போதாது. அடியில் இருக்கும் உருளை ப்ளோயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாகப் பூஞ்சை அப்பியிருப்பது அங்கேதான். ஓ.டி.யில் மட்டும் ஸ்ப்ளிட், விண்டோ ஏ.சி. இரண்டும் கூடவே கூடாது, என்.ஏ.பி.எச். அதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது.

டி.பி. நோயாளிகள் விஷயத்தில் உங்கள் பொது வார்டுக்கு நல்ல செய்தி இருக்கிறது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. ஜன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் மணிக்குச் சராசரியாக 28 முறை காற்று மாறியது. 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில் அது 40. இயந்திரக் காற்றோட்டம் வைத்த நவீனத் தனி அறைகளுக்கு நிர்ணயித்திருந்ததே 12தான். சிகிச்சை தொடங்காத டி.பி. நோயாளியோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று கணக்குப் போட்டார்கள். இயந்திர அறையில் 39 சதவீதம், பழைய கட்டடத்தில் ஜன்னல் திறந்திருந்தால் 11 சதவீதம். நம் ஊரில் டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் டி.பி. சானட்டோரியம் தொடங்கிய காலத்தில் மருந்தே கிடையாது, திறந்த வெளிக் காற்றும் வெயிலும்தான் சிகிச்சை. நோயாளியை அது எந்த அளவு குணமாக்கியதோ தெரியாது, பக்கத்துப் படுக்கைக்காரரைக் காப்பாற்றியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எனவே பொது வார்டில் ஏ.சி. மாட்ட ஆசைப்படாதீர்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கொசுவலை அடியுங்கள். வலையில் தூசி அடைத்தால் காற்று நின்றுபோகும், அதனால் மாதம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். டி.பி. சந்தேகம் உள்ளவரை காற்று வெளியேறும் பக்கத்து ஜன்னல் ஓரம் படுக்க வையுங்கள். எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று தெரிய ஒரு ஊதுபத்தி கொளுத்திப் புகையைப் பாருங்கள், காலையும் மாலையும் திசை மாறலாம். முடிந்தால் ஒரு சின்ன அறையை இதற்கென்று ஒதுக்குங்கள். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி. மணிக்கு 12 முறை மாற 240 சி.எஃப்.எம். வேண்டும். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் அளவு சுவரில் மாட்டியதும் கிடைக்காது, ஆகவே இரு மடங்கு அளவுள்ளதாக வாங்குங்கள். அது அறையின் காற்றை நேரே வெட்டவெளிக்குத் தள்ள வேண்டும், வராண்டாவுக்கோ அடுத்த ஜன்னலுக்கோ அல்ல. ஓ.டி.க்கு நேர்மாறாக இங்கே டிஷ்யூ காகிதம் கதவிடுக்கில் உள்ளே இழுபட வேண்டும். நோயாளி போன பிறகு அறைக்குள் இன்னொருவரை எப்போது விடலாம் என்பதற்கும் இந்த எண்தான் கணக்கு. மணிக்கு 12 முறை மாறினால் காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம். 2 முறை மட்டும் மாறினால் 138 நிமிடம்.

கடைசியாக இரவில் ஓ.டி. ஏ.சி.யை நிறுத்துவது. சரியல்ல. நிறுத்தியவுடன் அழுத்தம் போய்விடும், வராண்டாக் காற்று உள்ளே ஏறும், நனைந்த காயில் அறை வெப்பத்துக்குச் சூடாகி இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் முதலில் வருவது அந்தக் காற்றுதான். குளிர்விப்பதை நிறுத்தலாம், ப்ளோயர் மட்டும் 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்பதுதான் என்.ஏ.பி.எச். விதியும். கரண்ட் பில் பற்றி மேனேஜர் கேட்டால், ப்ளோயர் மோட்டாருக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வி.எஃப்.டி. மாட்டச் சொல்லுங்கள். இரவில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் ப்ளோயர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், 50 சதவீதமாகக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கு சுமாருக்கு வந்துவிடும். எந்த வேகம்வரை இறக்கலாம் என்பதை டிஷ்யூ காகிதம் கதவிடுக்கில் வெளிப்பக்கம் பறக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்யச் சொல்லுங்கள். வி.எஃப்.டி.யின் விலையையும், இரவு எட்டு மணி நேரத்து யூனிட் கணக்கையும் ஒரே காகிதத்தில் எழுதி, அயனிக் கருவியின் கொட்டேஷனுக்கு மேலே வைத்து மேனேஜரிடம் கொடுங்கள்.